காலை 7 மணிக்கு விழுந்த இணையம்: அபர்ஹோசன் நிகழ்வு ஆய்வு

வேல்ஸின் நடுப்பகுதியில், போவிஸ் மாவட்டத்தில், மக்கன்லெத் என்ற சிறு நகருக்கு அருகே அபர்ஹோசன் என்றொரு கிராமம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் இந்த ஊரின் பெயர் உலகம் முழுக்கச் செய்திகளில் அடிபட்டது. 18 மாதமாக ஊர்க்காரர்களின் பிராட்பேண்ட் சரியாக இல்லை. இணைப்பு அறுந்தது, வேகம் படுத்தது. கடைசியில் பிடிபட்ட குற்றவாளி ஒரு வீட்டில் இருந்த பழைய டிவி.

படித்தவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், துடிப்பு இரைச்சல் என்றால் என்ன, அதை ஏன் கண்டுபிடிப்பது கஷ்டம், எந்தத் தற்காப்பு எதுவரை தாங்கும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் நிகழ்வு இதைப்போல் வேறில்லை. எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நடந்தது என்ன

பிரிட்டனின் தொலைபேசிக் கம்பி வலையமைப்பைப் பராமரிப்பது ஓப்பன்ரீச். புகார் வந்தது, பொறியாளர்கள் போனார்கள், லைனைச் சோதித்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுபடி புகார், மறுபடி சோதனை, மறுபடி அதே பதில். ஒரு கட்டத்தில் கேபிளிலேயே கோளாறு இருக்கும் என்று எண்ணி நீண்ட பகுதிகளைப் புதிதாக மாற்றிக்கூடப் பார்த்தார்கள். அப்போதும் தீரவில்லை.

அப்புறம்தான் வேறு பகுதியிலிருந்து ஒரு சிறப்புக் குழு வந்தது. அவர்கள் சந்தேகப்பட்டது வெளியிலிருந்து வரும் மின் குறுக்கீட்டை. கையில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்னும் அலைக்கற்றை அளவிடும் கருவியோடு, காலை 6 மணிக்கே, கொட்டுகிற மழையில் ஊருக்குள் மேலும் கீழும் நடந்தார்கள். 7 மணி ஆனதும் கருவியில் பெரிய வெடிப்பாக இரைச்சல் தெரிந்தது. அதைத் தொடர்ந்து போனால் ஒரு வீடு. அந்த வீட்டில் இருந்தவர் தினமும் காலை 7 மணிக்குத் தன் பழைய டிவியைப் போடுவார். அந்த நொடியில் கிளம்பிய மின்காந்த வெடிப்புதான் ஊரின் இணையத்தை இழுத்துக்கொண்டு போனது.

விஷயம் தெரிந்ததும் அவர் கூனிக்குறுகிப் போனார். இனி அந்த டிவியைப் போடுவதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். அதோடு பிரச்சினையும் நின்றுவிட்டது. அவர் பெயரை ஓப்பன்ரீச் வெளியிடவில்லை, நல்ல காரியம்.

ஓப்பன்ரீச் இந்தக் கோளாறுக்குச் சொன்ன பெயர் ‘ஷைன்’. தனியாக வரும் உயர்மட்டத் துடிப்பு இரைச்சல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

இது எந்த வகை இரைச்சல்

தகவல்தொடர்புப் பாடம் படித்த எவருக்கும் முதலில் அறிமுகமாவது காஸியன் வெள்ளை இரைச்சல். சீராக, ஓயாமல், எல்லா அலைவெண்ணிலும் மெல்லச் சலசலக்கும் இரைச்சல் அது. மோடம் தொடங்கும்போது அதை அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு, வேகத்தை முடிவு செய்யும். தொலைபேசிச் செம்புக் கம்பி வழி பிராட்பேண்டான டிஎஸ்எல் உலகில் வழக்கமான இடைவெளி 6 டெசிபல், அதாவது சக்தியில் சுமார் நான்கு மடங்கு.

துடிப்பு இரைச்சலின் குணம் வேறு. பெரும்பாலான நேரம் இருக்காது. வரும்போது பின்னணி இரைச்சலைவிட ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு பலத்தோடு வரும். மிக்ஸி போட்டதும் பழைய பெட்டி டிவியில் கோடு கோடாக விழுந்ததே, அதே குடும்பம்தான். பொறியாளர்கள் இதை நேர அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 1 மில்லிசெகண்டுக்கும் குறைவாக, ஆனால் திரும்பத் திரும்ப வருவது ‘ரீன்’. லைட் டிம்மர், மலிவான மின் அடாப்டர் போன்றவற்றிலிருந்து வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் ஒன்று என்று 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தட்டும். 1 முதல் 10 மில்லிசெகண்ட் வரை நீடிப்பது ‘பீன்’. அதையும் தாண்டினால் ‘ஷைன்’.

இந்த மாதிரி இரைச்சலுக்குக் கணித உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டேவிட் மிடில்டன். 1977-இல் அவர் வெளியிட்ட ‘ஏ வகை’ மாதிரியில் இரண்டு எண்களே பிரதானம்: துடிப்புகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன, பின்னணி இரைச்சலோடு ஒப்பிட்டால் அவற்றின் பலம் எவ்வளவு. துடிப்புகள் மிக நெருக்கமாகிவிட்டால் மொத்தமும் காஸியன் போலவே தெரியும். அரிதாக வந்தால்தான் தொல்லை.

அரிதாக வருவது எப்படி அளவீட்டை ஏமாற்றுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு செகண்ட், பின்னணியைவிட 40 டெசிபல் கூடுதலான இரைச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது பத்தாயிரம் மடங்கு. ஒரு நாளில் 86,400 செகண்ட். சராசரி எடுத்தால் இரைச்சலின் சக்தி சுமார் 12 சதவீதம்தான் கூடியிருக்கும். டெசிபலில் அரை டெசிபல்கூட முழுசாக இல்லை. 6 டெசிபல் இடைவெளி வைத்திருக்கும் லைனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று காகிதம் சொல்லும். லைனோ தினமும் ஒருமுறை செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும்.

அபர்ஹோசனில் முதலில் வந்த பொறியாளர்கள் திறமையற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய கருவி கேட்ட கேள்வி ‘எவ்வளவு இரைச்சல்?’ என்பது. காலை பத்து மணிக்கோ மதியம் இரண்டு மணிக்கோ அந்தக் கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதுதான் உண்மையான விடை. கேட்டிருக்க வேண்டியது ‘எப்போது?’ என்பதை. அதற்கான தடயம் பெரும்பாலும் மோடத்திலேயே இருக்கும். டிஎஸ்எல் தரப்படி பிழைக் கணக்குகள் 15 நிமிடப் பெட்டிகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு செகண்டில் 18 அல்லது அதற்கு மேற்பட்ட சரிபார்ப்புப் பிழைகள் வந்தால் அது கடும்பிழை செகண்ட் என்று பதிவாகும். பல வீடுகளின் பெட்டிகளை அடுக்கிவைத்து ஒரே 15 நிமிடம் எல்லாவற்றிலும் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டு வயரிங். ஊரெல்லாம் ஒரே நிமிடத்தில் என்றால் பொதுவான ஒரு மூலம்.

தற்காப்பு எங்கே உடைகிறது

செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் அனுப்பும் முறையில் துடிப்பு இரைச்சலை எதிர்கொள்ள எதுவுமே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. ஒவ்வொன்றும் ஒரு கால அளவு வரை தாங்கும்.

முதலில் பண்பேற்றமே, அதாவது தரவை அலையில் ஏற்றும் முறையே. டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை 512 சிறு தடங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சில பிட்டுகளை ஏற்றுகிறது. இப்படி எல்லாத் தடமும் ஒரே வீச்சில் அனுப்பும் துண்டுக்குக் குறியீடு என்று பெயர். ஒரு செகண்டுக்கு சுமார் 4,000 குறியீடுகள். ஒன்று 250 மைக்ரோசெகண்ட். ஏற்பி ஒரு குறியீட்டை வாங்கி ஃபூரியே மாற்றம் (அலையை அலைவெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) செய்யும்போது, சில மைக்ரோசெகண்டே நீடித்த துடிப்பும் 512 தடங்களிலும் பரவிவிடுகிறது. சிறிய துடிப்பு என்றால் இது லாபம்: அடி எல்லோருக்கும் பங்கிடப்பட்டு யாருக்கும் வலிக்காது. பெரிய துடிப்பு என்றால் எல்லாத் தடமும் ஒன்றாகப் போகும். நடுவில் மெதுவான சரிவு கிடையாது. ஒரு வரம்பு வரை ஒன்றும் ஆகாது, அதைத் தாண்டியதும் குறியீடு முழுவதும் குப்பை.

ஃபூரியே மாற்றத்துக்கு முன்பே, அளவுக்கு மீறி உயர்ந்த சமிக்ஞை மாதிரிகளை (சாம்பிள்களை) வெட்டிவிடவோ பூஜ்ஜியமாக்கவோ செய்யலாம். சொல்வதற்கு எளிது, செய்வதில் வில்லங்கம் உண்டு. நூற்றுக்கணக்கான தடங்கள் ஒன்றாகச் சேரும் சமிக்ஞையே அவ்வப்போது தானாக உச்சத்துக்குப் போகும். வரம்பைத் தாழ்வாக வைத்தால் நல்ல சமிக்ஞையின் தலையும் வெட்டுப்படும். வெட்டின காயத்தால் தடங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய இரைச்சல் உண்டாகும். வரம்பை உயர்த்தி வைத்தால் நடுத்தரத் துடிப்புகள் தப்பி உள்ளே வரும். உகந்த வரம்பு இரைச்சலின் குணத்தைப் பொறுத்தது. அந்தக் குணமோ வீட்டுக்கு வீடு, மணிக்கு மணி மாறும்.

அடுத்தது பிழைதிருத்தம். இங்கே உழைப்பது ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்த முறை. அதிகபட்சம் 255 பைட் நீளமுள்ள ஒரு தொகுப்பில் 16 பைட் கூடுதல் தகவல் சேர்த்தால், எங்கே வந்தாலும் 8 பைட் பிழைகளைத் திருத்திவிடும். துடிப்பு இரைச்சல் பிழைகளைக் கும்பலாகக் கொண்டுவரும் என்பதால், அனுப்பும் முன்பே பல தொகுப்புகளின் பைட்டுகளைக் கலைத்து மாற்றி அடுக்குகிறார்கள். இதற்கு இன்டர்லீவிங் என்று பெயர். வழியில் ஒரு கும்பல் அடிபட்டாலும், பிரித்து அடுக்கும்போது காயங்கள் பல தொகுப்புகளுக்குச் சிதறி, ஒவ்வொன்றும் தன் பங்கைத் திருத்திக்கொள்ளும்.

இதற்கு விலை இரண்டு: தாமதமும் வேகமும். தோராயமான கணக்கு இது. திருத்தத்துக்காக ஒதுக்க வேண்டிய பங்கு, துடிப்பின் நீளத்தை இரட்டித்து, அனுமதித்த தாமதத்தால் வகுத்தால் வருவது. 8 மில்லிசெகண்ட் தாமதத்தில் அரை மில்லிசெகண்ட் துடிப்பைத் தாங்க வேண்டுமானால் லைனின் எட்டில் ஒரு பங்கு திருத்தத்துக்கே போகும். 1 மில்லிசெகண்ட் என்றால் கால் பங்கு. 4 மில்லிசெகண்ட் என்றால் மொத்த லைனும் திருத்தத்துக்குப் போய்விடும். அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. எந்த பைட்டுகள் கெட்டன என்று ஏற்பிக்கு முன்கூட்டியே தெரிந்தால் தாங்கும் அளவு இரட்டிக்கும், 8 மில்லிசெகண்ட் வரை. அதற்குமேல் கணிதமே கையை விரித்துவிடும். ஷைன் தொடங்குவதோ 10 மில்லிசெகண்டிலிருந்து. ஆக, எட்டு மில்லிசெகண்ட் இன்டர்லீவிங் ரீனுக்குக் கேடயம். ஷைனுக்கு முன்னால் வெறும் தாமதம்.

தாமதத்தை 30, 40 மில்லிசெகண்டாக உயர்த்தலாமே என்றால், வராத துடிப்புக்காக நாள் முழுக்க ஒவ்வொரு பாக்கெட்டும் காத்திருக்க வேண்டும். விளையாடுகிறவர்களும் வீடியோ அழைப்பில் இருப்பவர்களும் திட்டுவார்கள்.

இந்தச் சிக்கலை உடைக்க வந்ததுதான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு 2010-இல் கொண்டுவந்த ஜி.998.4, பேச்சு வழக்கில் ஜி.ஐஎன்பி. யோசனை பழையது: எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே காப்பீடு கட்டாமல், கெட்டதை மட்டும் திரும்ப அனுப்பு. மோடம் தரவைச் சிறு மூட்டைகளாகக் கட்டி, ஒவ்வொன்றின் நகலையும் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். மறுமுனை ‘இது வந்து சேரவில்லை’ என்றால் மறுபடி அனுப்பும். அமைதியான நேரத்தில் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. துடிப்பு வந்தால் அந்த நொடிக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறும். அரிதாக வரும் இரைச்சலுக்கு இதுதான் பொருத்தமான மருந்து என்பது என் கருத்து. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நகல் வைக்கும் நினைவகம் வரையறுக்கப்பட்டது. மேலடுக்கில் இயங்கும் மென்பொருள் பொறுத்திருக்கும் நேரமும் அப்படியே. பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் வரை சமாளிக்கலாம். துடிப்பு நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் நீண்டால், அல்லது தொடர்ந்து பல அடிகள் விழுந்தால், திரும்ப அனுப்பினதும் அடிபடும்.

அதையும் தாண்டினால் மோடம் சமிக்ஞையின் தாளத்தையே தொலைத்துவிடும். சின்க் போய்விட்டது என்கிறோமே, அது. அப்புறம் முதலிலிருந்து கைகுலுக்கி, லைனை அளந்து, பிட்டுகளைப் பங்கிட்டு மேலே வர அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும்.

நோய் போனாலும் காய்ச்சல் நிற்காத கதை

டிவியைப் போடும் ஒரு கணத்துக்கு நாள் முழுக்க வேகம் குறைவானேன்? பலரும் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

பொதுவாக இரண்டு வழிகளில் இப்படி நடக்கும். மோடம் விழுந்து எழும்போது இரைச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தால், லைனே இவ்வளவுதான் என்று அளந்து குறைந்த பிட்டுகளோடு உட்கார்ந்துவிடும். இரைச்சல் போனபிறகும் அதே வேகம்தான். இரண்டாவது, பிரிட்டனில் ஒவ்வொரு லைனையும் தானியங்கி மேலாண்மை மென்பொருள் ஒன்று கவனித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கடி அறுகிற லைனைப் பார்த்தால் அது நிலைத்தன்மைக்காக வேகத்தைக் குறைக்கும், இடைவெளியைக் கூட்டும், இன்டர்லீவிங்கை ஏற்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் எந்தக் கருவியாலும் தடுக்க முடியாத இரைச்சலுக்கு அது மீண்டும் மீண்டும் அபராதம் வாங்கிக்கொண்டே போகும். அறிகுறி காலை 7 மணியிலிருந்து விலகி நாள் முழுக்கப் பரவிவிடுவதால், காலை 7 மணி என்ற தடயமும் மங்கிவிடும்.

ஒரு வீட்டு டிவி, ஊர் முழுக்க எப்படி

தொலைபேசி லைனாக ஓடும் முறுக்கிய இணைக்கம்பியின் பலமே சமநிலைதான். இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் இரைச்சல் ஏறினால் கழித்தலில் அது காணாமல் போகும். பழைய இணைப்பு, ஈரம் ஏறிய மூட்டு, வீட்டுக்குள் நீட்டிய தட்டைக் கம்பி என்று எங்காவது சமநிலை கெட்டால் இரைச்சலில் ஒரு பங்கு சமிக்ஞையாக மாறிவிடும். அதோடு ஒரே கேபிள் கட்டுக்குள் பல வீட்டு இணைகள் மைல்கணக்கில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றில் ஏறியது பக்கத்தில் கசியும்.

கிராமத்து லைன்கள் நீளமானவை என்பது இன்னொரு பலவீனம். ஏடிஎஸ்எல் சமிக்ஞை ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 40 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் சக்தி அளவு) அளவில் புறப்படுகிறது. வழியில் 60 டெசிபல் இழந்தால் வீட்டுக்கு வருவது மைனஸ் 100. அமைதியான லைனின் பின்னணி மைனஸ் 140 என்று வைத்தால் 40 டெசிபல் வித்தியாசம் தாராளம். அங்கே மைனஸ் 95-இல் ஒரு வெடிப்பு வந்தால், சமிக்ஞை இரைச்சலுக்குக் கீழே மூழ்கிவிடும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டு லைன் என்றால் சமிக்ஞை பலமாக இருக்கும், அதே வெடிப்பு இவ்வளவு பாதித்திருக்காது.

டிவி ஏன் இப்படிச் செய்தது? பழைய மின்வழங்கிகளில் இரைச்சலை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வயதாக வயதாகத் தளரும். படம் நன்றாகவே தெரியும். சொந்தக்காரருக்குச் சந்தேகமே வராது.

விதிகள் யாருடைய காதுக்காக

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். மின்சாதனங்கள் எவ்வளவு குறுக்கீடு வெளியிடலாம் என்று சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு வரையறுக்கிறது. அந்த அளவீட்டில் நெடுங்காலமாகப் பயன்படும் ‘குவாசி பீக்’ முறை, ஏஎம் வானொலி கேட்பவருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பதை ஒட்டி உருவானது. அடிக்கடி வரும் சத்தத்துக்கு அதிக மதிப்பு, எப்போதோ வரும் ‘டிக்’குக்குக் குறைந்த மதிப்பு. டிவிக்கு விதி வேறு. ஆனால் வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான சிஸ்பர் 14-1 விதியில், 5 நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக வரும் ‘கிளிக்’குகளுக்கு வரம்பு 44 டெசிபல் வரை தளர்த்தப்படுகிறது. வானொலி கேட்பவருக்கு அது நியாயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிக் யாரை என்ன செய்யும்? மோடத்துக்கு அப்படி இல்லை. மனிதக் காது மன்னிக்கிற இரைச்சலே அதற்கு மிக மோசமானது.

தேடிய விதம்

இரைச்சல் வரும் நேரத்தில் அங்கே இருந்ததுதான் சிறப்புக் குழு செய்த பெரிய காரியம். கருவி அடுத்ததுதான். விலை உயர்ந்த அனலைசர் இல்லாவிட்டாலும், நிலையம் எதுவும் கேட்காத அலைவெண்ணில் வைத்த மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றே ஓரளவு உதவும். ஏடிஎஸ்எல்2 பிளஸ் பயன்படுத்தும் பட்டைக்குள்தான் மீடியம் வேவும் வருகிறது. மூலத்தை நெருங்க நெருங்க சத்தம் கூடும், ரேடியோவைத் திருப்பினால் திசையும் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. விண்வெளியிலிருந்து வருவது போலத் தோன்றிய, ‘பெரிடான்’ என்று பெயரிடப்பட்ட துடிப்புகள் பல வருடம் குழப்பின. அவை பகலில், வேலை நேரத்தில் கூடிக்கிடந்ததே சந்தேகத்தைக் கிளப்பியது. 2015-இல் காரணம் தெரிந்தது: வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.

மூலத்தை நிறுத்த முடியாத இடங்கள்

அபர்ஹோசனை ஃபைபருக்கு மாற்றும் திட்டம் ஏற்கனவே இருந்தது. கண்ணாடி இழைக்கு இந்த வகைக் குறுக்கீடு பொருட்டே இல்லை. வீட்டுக்குள் வைஃபைக்கும், சுவர் பிளக் வழியாக இணையம் கடத்தும் அடாப்டர்களுக்கும் உள்ள தொல்லை மட்டும் தொடரும்.

டிவியை அணைப்பது போன்ற தீர்வுக்கே வழியில்லாத தடம் ஒன்று உண்டு: மின்கம்பி வழித் தகவல்தொடர்பு. பிரான்ஸில் எனெடிஸ் நிறுவனம் 2015 முதல் பொருத்திய லிங்கி மீட்டர்கள் மூன்று கோடிக்கும் மேல். அவை பேசுவது வீட்டு மின்கம்பி வழியாகத்தான். இரைச்சல் கிளப்பும் எல்லாச் சாதனமும் அதே கம்பியில்தான் செருகப்பட்டிருக்கிறது. யாரிடமும் போய் அணைத்துவிடுங்கள் என்று கேட்க முடியாது. ஆகவே அங்கே பயன்படும் ஜி3 முறை வேகத்தின் மேல் ஆசையே வைக்கவில்லை. 100 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே சில டஜன் தடங்கள், ரீட்-சாலமனோடு இன்னொரு திருத்தக் குறியீடு, நேரத்திலும் அலைவெண்ணிலும் கலைத்து அடுக்குதல். தடம் மிக மோசமானால் ஒவ்வொரு பிட்டையும் நான்கு முறை திருப்பி அனுப்பும் ‘ரோபஸ்ட்’ நிலைக்கு இறங்கிவிடும். வேகமும் அதே கணக்கில் நான்கில் ஒன்றாகும். மீட்டர் ரீடிங் போய்ச்சேர அது போதும்.